இன்னொரு ஆளா, ஒரு ஹொயிஸ்டா? முதியவர்களைத் தூக்கி மாற்ற எது சரிவரும்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் முதியோர் இல்லம் நடத்துகிறவர்களும் கேட்கிறார்கள், உவர்மலையில் பாரிசவாதம் வந்த தாயை வீட்டில் வைத்துப் பார்க்கிற மகளும் கேட்கிறார். "ஆளைத் தூக்குகிற ஹொயிஸ்ட் ஒன்று வாங்குவதா, அந்தக் காசுக்கு இன்னொரு பிள்ளையை வேலைக்கு எடுப்பதா?" இதற்கு நடுவில், "அண்ணா கனடாவிலிருந்து பழைய ஹொயிஸ்ட் ஒன்று அனுப்பலாம் என்கிறார், எடுக்கட்டுமா?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியவர் ஒருவரை ஒரு நாளில் எத்தனை தரம் எப்படியெல்லாம் அசைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், உண்மையில் "தூக்குவது" கொஞ்சம்தான். கட்டிலில் கீழே சரிந்தவரை மேலே இழுப்பது, பக்கம் திருப்புவது, எழுப்பி இருத்துவது, கதிரையிலிருந்து நிமிர்த்துவது, இவைதான் அதிகம், நாரியை உடைப்பதும் பெரும்பாலும் இவைதான். இவற்றுக்கு ஹொயிஸ்ட் தேவையில்லை, மலிவான சாமான்கள் போதும். காலில் கொஞ்சமும் பாரம் போட முடியாதவருக்கு ஹொயிஸ்ட்தான், அதற்குப் பதிலாக நாலு ஆளை வைத்தாலும் அது ஹொயிஸ்ட் ஆகாது. இன்னொரு பிள்ளை தேவையாக இருக்கலாம், ஆனால் தூக்குவதற்காக என்று எடுத்தால் அது வீண். இதை ஏன் சொல்கிறேன் என்பதுதான் மிச்சம்.

## எதை வைத்து அளப்பது

அவரால் என்ன முடியும். சாமான் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் கட்டிலில் கிடக்கிறவரைப் பாருங்கள். கட்டில் விளிம்பில் பிடிக்காமல் இருப்பாரா? ஒரு காலிலாவது பாரம் போடுவாரா? சொன்னால் விளங்கி, சொன்னபடி செய்வாரா? ஒரு கையாவது இறுக்கிப் பிடிக்குமா? எந்தச் சாமான் என்பதை இந்த நாலும்தான் தீர்மானிக்கும். ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரி, பின்னேரம் இன்னொரு மாதிரி இருப்பார். பார்க்கின்சன் உள்ளவர் மருந்து வேலை செய்கிற நேரத்தில் தானே எழும்புவார், மருந்தின் வேகம் இறங்கினால் மரம் மாதிரி இறுகிவிடுவார். மறதி நோய் உள்ளவர்கள் பலருக்குப் பொழுதுபட்டால் குழப்பம் கூடும். அதனால் "இவருக்கு இதுதான்" என்று ஒரு தரம் எழுதிவைத்துவிட்டு ஆறு மாதம் பார்க்காமல் விடக்கூடாது.

பார்க்கிறவரின் நாரி. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனமான நையோஷ் பொதுவாகச் சுமை தூக்குவதற்கு வைத்திருக்கும் உச்ச அளவு 23 கிலோ. ஆளைத் தூக்குவதற்கு அதே கணக்கை வைத்து 2007இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று அதை ஏறக்குறைய 16 கிலோவாகக் குறைத்தது, அதுவும் எல்லாம் வசதியாக அமைந்த நேரத்துக்கு. ஏன் குறைத்தார்கள் என்று துறைமுகத்தில் மூடை இறக்குகிற நாட்டாமையைக் கேட்டால் சொல்வார்: அரிசி மூடை நடுவில் பயந்து உங்கள் கழுத்தைப் பிடித்துத் தொங்காது. இப்போது கணக்குப் போடுங்கள். 60 கிலோ ஐயா ஒருவரை இரண்டு பேர் சரிபாதியாகத் தூக்கினாலும் ஆளுக்கு 30 கிலோ. அந்த எல்லைக்குள் நிற்க நாலு பேர் வேண்டும், நாலு பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றால் ஒருவர் கையும் சரியான இடத்தில் போகாது.

முதியவரின் உடம்பு. கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகலாம், பாரிசவாதம் வந்த பக்கத்துத் தோள் என்றால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். பெட்சீட்டில் தேய்த்து இழுத்தால் குண்டித்தோலும் குதிக்கால் தோலும் உரியும், அங்கேதான் படுக்கைப்புண் பிடிக்கும். மானமும் இதற்குள்தான் வரும், அது தனிக் கணக்கில்லை.

இரவில் எத்தனை கை. பகலில் நாலு பேர் நிற்கிற இல்லத்தில் இரவு ஒருவர்தான் என்றால், நீங்கள் தெரிவு செய்யும் முறை அந்த ஒருவருக்கும் பொருந்த வேண்டும், அல்லது அந்த வேலையை இரவில் செய்யாமலிருக்க வழி வேண்டும்.

கட்டிடம். வாசல் அகலம், நிலைப்படி, குளியலறைக்கு இறங்குகிற படி, கட்டிலுக்கு அடியில் இருக்கிற இடைவெளி.

வாங்கிய பிறகு வரும் செலவு. கடற்காற்று, கறள், கரண்ட், பற்றரி, தோய்த்துக் காயவைப்பது. திருகோணமலையில் இதை விட்டுவிட்டு விலையை மட்டும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

## கையால் தூக்குவது

காசில்லாத வழி என்று எல்லோரும் நினைப்பது இது. எல்லாவற்றிலும் செலவு கூடிய வழி இதுதான் என்பது என் முடிவு, பில் மட்டும் மாதங்கள் கழித்து வரும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1999இல் வெளியான ஆய்வொன்றில் முதுகெலும்பில் ஏறும் பாரத்தை அளந்து பார்த்தார்கள். ஒருவராகத் தூக்குவது மோசம் என்பது எதிர்பார்த்ததுதான், ஆனால் இரண்டு பேராகத் தூக்கும் முறைகளிலும் ஆபத்து இல்லாத முறை என்று ஒன்று கிடைக்கவில்லை. "சரியாகக் குனியப் பழக்கினால் போதும்" என்பதும் எடுபடவில்லை. பயிற்சி மட்டும் கொடுத்து, சாமான் எதுவும் கொடுக்காத இடங்களில் நாரிவலி குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால் காட்ட முடியவில்லை.

மறைந்திருக்கிற செலவு என்ன? நல்ல பிள்ளை ஒருத்தி நாரி பிடித்து வேலையை விட்டுப் போவாள், புதியவளைப் பழக்க மாதக் கணக்காகும், அதுவரை மற்றவர்கள் கூடத் தூக்குவார்கள், அவர்களுக்கும் பிடிக்கும். வேலையாட்களுக்கு நட்டஈடு கொடுக்கும் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. வேலை நேரத்தில் ஏற்பட்ட காயத்துக்கு நீங்கள் பொறுப்பு என்று வந்தால் "சொந்தக்காரப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தோம்" என்பது பதிலாகாது.

மருந்துக்கடைகளில் விற்கும் நாரிப் பட்டியைக் கட்டிக்கொண்டு தூக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வேலைக் காயத்தைத் தடுக்கும் வழியாக அதை நையோஷ் பரிந்துரைப்பதில்லை. கட்டியவருக்குக் கொஞ்சம் தெம்பு வரும், அந்தத் தெம்பில் கூடத் தூக்குவார், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எப்போது சரி? நெருப்பு, வெள்ளம், உயிருக்கு ஆபத்து. அப்போது யாரும் பட்டியல் பார்க்கத் தேவையில்லை.

## இடுப்பு பெல்ட்

கைப்பிடிகள் வைத்துத் தைத்த அகலமான பெல்ட். முதியவரின் இடுப்பில், உடுப்புக்கு மேலே, இரண்டு விரல் நுழைகிற இறுக்கத்தில் கட்டுவது. இது தூக்குவதற்கு இல்லை. தானே எழும்பக்கூடியவர் எழும்பும்போது தடுமாறினால் பிடிக்க ஓர் இடம், அவ்வளவுதான். பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினால் அது மேலே ஏறி நெஞ்சுக்கூட்டில் அழுத்தும்.

ஒரு காலிலாவது பாரம் போட முடிந்து, சொன்னதைக் கேட்கிறவருக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. நடக்கும் பழக்கத்தையும் விடாமல் வைத்திருக்கும். ஹொயிஸ்ட் வந்த பிறகு இல்லங்களில் நடக்கிற பிழை ஒன்று உண்டு: நிற்கக் கூடியவரையும் "வேகமாக முடியும்" என்று தொங்கவிட்டுத் தூக்கி, கொஞ்ச நாளில் அவருடைய காலில் இருந்த பலத்தையும் இல்லாமல் பண்ணிவிடுவார்கள். வயிற்றில் அண்மையில் ஒப்பரேசன் செய்தவர், ஹேர்னியா உள்ளவர், வயிற்றில் பை வைத்தவர், விலா முறிந்தவர் ஆகியோருக்குப் பெல்ட் கட்டக் கூடாது.

விலை சின்னது. தைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துத் தைப்பித்தவர்களும் உண்டு. தையலும் கொக்கியும் உறுதி என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை, ஏனென்றால் இதில் முழுப் பாரமும் ஏறப்போவதில்லை. ஹொயிஸ்டில் மாட்டும் ஸ்லிங்கை, அதாவது ஆளைத் தாங்கித் தொங்கும் துணியை, மட்டும் தைக்கக் கொடுக்காதீர்கள், அது வேறு கதை.

## வழுக்குத் துணி

ஸ்லைட் சீட் என்று விற்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகிற நைலோன் துணி, இரண்டு தட்டாகவோ குழாய் மாதிரித் தைத்தோ வரும். முதியவரைப் பக்கம் திருப்பி அடியில் விரித்து, மறுபக்கம் திருப்பி இழுத்தெடுத்து, பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று மேல் துணியைப் பிடித்து நகர்த்தினால் ஆள் தூக்கப்படாமலே மேலே போவார். முன்பு இரண்டு பேர் மூச்சுப்பிடித்துச் செய்த வேலை இது. என்னிடம் ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இதைத்தான் வாங்குவேன்.

கவனிக்க வேண்டியவை உண்டு. தலையும் குதிக்காலும் துணிக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு வழுக்கும், குதிக்கால் தேயும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், அடியில் விட்டால் நடு இரவில் ஆள் கட்டிலிலிருந்து வழுக்கி விழுவார். நிலத்தில் போட்டால் பார்க்கிற பிள்ளை வழுக்கி விழுவாள். ஆளுக்கொன்று வேண்டும், ஒரே துணியை எல்லோருக்கும் போட்டால் ஒருவருக்கு வந்த சிரங்கு முழு இல்லத்துக்கும் வரும்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம், பலரும் தவறவிடுவது: கட்டிலின் உயரம். வழுக்குத் துணி இருந்தும் முழங்கால் உயரக் கட்டிலில் குனிந்து நின்று இழுத்தால் நாரி போய்விடும். வேலை செய்கிறவரின் இடுப்பு உயரத்துக்குக் கட்டில் வரவேண்டும், ஆள் இறங்கும்போது பாதம் நிலத்தில் படும்படி தாழவும் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் என்று கடையில் விற்பதில் பல, முதுகுப் பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும் மட்டும்தான் உயர்த்தும், முழுக் கட்டிலும் மேலே வராது. சுற்றுவதற்கு இரண்டு கைப்பிடி உள்ளது அப்படித்தான். மூன்றாவது கைப்பிடி இருக்கிறதா, அது முழுக் கட்டிலையும் உயர்த்துகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இந்த ஒரு கைப்பிடிக்காகக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயமான செலவு.

## கைப்பிடி சுற்றி உயர்த்தும் மாற்றுக் கதிரை

நாலு சில்லு வைத்த கதிரை, இருக்கை நடுவில் இரண்டாகப் பிரியும். கட்டில் விளிம்பில் இருக்கிறவரின் இரண்டு பக்கத்தாலும் இருக்கையை அடியில் நுழைத்துப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினால் ஆளோடு உயரும். அப்படியே கமோட்டுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தலாம். வீட்டில் தாயைத் தனியாகப் பார்க்கிற அந்த உவர்மலை மகளுக்கு, தாய் பிடிக்காமல் இருக்கக்கூடியவராக இருந்தால், நான் ஹொயிஸ்டுக்கு முன் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். பற்றரி இல்லை, ஸ்லிங் இல்லை, ஆள் அந்தரத்தில் தொங்குவதும் இல்லை.

சரிவராத இடம்: உடம்பு ஒரு பக்கம் சாய்கிறவர், கால் மடங்கி இறுகிப்போனவர், குண்டியில் புண் உள்ளவர். சில்லுகள் சின்னவை, நிலைப்படியில் முட்டினால் ஆளோடு கவிழப் பார்க்கும்.

## நிமிர்ந்து நிற்க உதவும் கருவி

காலை வைக்க ஒரு தட்டு, முழங்காலுக்கு ஓர் அணை, பிடிக்க ஒரு கம்பி. பிடித்து எழும்பக்கூடியவர், ஆனால் திரும்பி நடக்க முடியாதவர் என்ற அந்த இடைப்பட்ட நிலைக்கு இது. மோட்டோர் இல்லாத வகை போதும். இல்லத்தில் இப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால் வாங்கலாம், ஒருவருக்காக வேண்டாம்.

## ஹொயிஸ்ட்

இங்கேதான் காசும் போகும், குழப்பமும் வரும்.

வேலை இதுதான்: ஸ்லிங்கை ஆளின் அடியில் விரித்து, காற்பட்டிகளைத் தொடைக்குக் கீழால் எடுத்துக் குறுக்காக மாட்டி, நாலு வளையத்தையும் ஹொயிஸ்டின் கொக்கியில் கொழுவி, கட்டிலிலிருந்து ஒரு சாண் மட்டும் உயர்த்தி நிறுத்தி, எல்லா வளையமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நகர்த்துவது. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கருவியை, ஒருவர் ஆளை. ஆளுடன் நகரும்போதும் கதிரையில் இறக்கும்போதும் ஹொயிஸ்டின் கால்கள் அகல விரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவிழும். தூக்கும்போது சில்லுகளின் பிரேக்கைப் போடக்கூடாது என்பதுதான் பொதுவான முறை, பாரத்துக்கு ஏற்ற இடத்துக்குக் கருவி தானே கொஞ்சம் நகரும். பலர் பாதுகாப்பு என்று நினைத்து இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். உங்கள் கருவியோடு வந்த கைநூல் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

கையால் பம்ப் அடிப்பதா, மோட்டோரா? கை பம்ப் வகை எண்ணெய் அழுத்தத்தில் உயரும், கார் ஜாக்கி மாதிரியே. கரண்ட் வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். எண்ணெய் கசிந்தால் ஹொயிஸ்டின் கை மெல்ல மெல்லத் தாழும், சீல் மாற்றத் தெரிந்தவர் ஊருக்குள்ளேயே கிடைப்பார், மாற்றிய பிறகு ஆளை ஏற்றுவதற்கு முன் ஆளின் எடைக்குக் கூடுதலான மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஓர் இரவு வைத்துத் தாழ்கிறதா என்று பாருங்கள். குறை என்னவென்றால் பம்ப் அடிப்பதும் ஒரு வேலைதான், ஏழெட்டுப் பேரை நாளுக்கு நாலு தரம் தூக்குகிற இடத்தில் நாரி தப்பித் தோள் மாட்டும். இறக்கும்போது வால்வைச் சட்டென்று திறந்தால் ஆள் பொத்தென்று இறங்குவார், மெல்லத் திறக்கப் பழக வேண்டும்.

மோட்டோர் வகை சுகம், அசைவும் மென்மை. ஆனால் பற்றரி தேய்கிற சாமான். சார்ஜ் இறங்கியபடி கிடந்தால் ஈய அமிலப் பற்றரி சீக்கிரம் செத்துவிடும், புதியது கொழும்பிலிருந்து வரும்வரை கருவி மூலையில் நிற்கும். ஒரு பற்றரி மட்டும் உள்ள மோட்டோர் ஹொயிஸ்டை இங்கே வாங்குவது அரை ஹொயிஸ்ட் வாங்குவதுதான். இரண்டாவது பற்றரியின் விலையைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். கரண்ட் இல்லாமல் ஆள் அந்தரத்தில் நின்றால் கையால் இறக்கும் ஏற்பாடு எங்கே இருக்கிறது என்று இரவுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

சின்ன இல்லத்துக்குக் கை பம்ப், தூக்கவேண்டியவர்கள் கூட உள்ள இடத்துக்கு மோட்டோர். நான் சொல்வது அதுதான்.

ஸ்லிங்தான் பாதிச் செலவு. ஹொயிஸ்டோடு ஒரு ஸ்லிங் தருவார்கள், அது எப்போதும் "மீடியம்" அல்லது "லார்ஜ்". எங்கள் அம்மம்மாக்கள் பலர் மெலிந்தவர்கள், பெரிய ஸ்லிங்கில் குண்டி தாழ்ந்து நடுவால் நழுவப் பார்க்கும். எடையைப் பார்த்து மட்டுமில்லை, ஆளின் உயரத்தையும் பார்த்து அளவு எடுங்கள். ஆளுக்கு இரண்டு வேண்டும்: ஒன்று தோய்க்கிறபோது ஒன்று பாவிக்க. கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்கிற நாட்களில் ஒரு ஸ்லிங் காய இரண்டு நாள் பிடிக்கும், ஒன்று மட்டும் இருந்தால் அந்த இரண்டு நாளும் பழையபடி கையால்தான் தூக்குவார்கள், அதற்குப் பிறகு ஹொயிஸ்ட் பக்கமே போகமாட்டார்கள். வெளிற வைக்கும் மருந்து போடாதீர்கள், சூடான டிரையரில் போடாதீர்கள், நூல் பலம் இழக்கும். தையல் பிரிந்ததும், வளையம் நைந்ததும், எடை அளவு எழுதிய பட்டி அழிந்ததும் வீச வேண்டியவை. துடைக்கத்தான் உதவும்.

கடற்காற்று. உப்பு முதலில் போவது சில்லுக்குள். மணலும் நூலும் தலைமயிரும் அச்சில் சுற்றிக்கொண்டு சில்லு இறுகும், இறுகிய சில்லைத் தள்ளுகிறவர் உடம்பைத் திருகித் தள்ளுவார், நாரியைக் காப்பாற்ற வாங்கிய சாமானே நாரியைப் பிடிக்கும். கிழமைக்கு ஒரு தரம் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, சில்லைச் சுத்தம் செய்து எண்ணெய் போட ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். பூச்சு உரிந்து கறள் பிடித்த இடம் பொருத்துகளில் இருந்தால் அதைப் பூச்சடித்து மறைக்காதீர்கள், பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கட்டிடம். மேல்நாடுகளில் கம்பளம் விரித்த தரையில் ஹொயிஸ்டைத் தள்ளுவது பெரிய பாடு. எங்கள் சீமெந்துத் தரையும் டைல்ஸும் அதற்கு வாய்ப்பு. நிலைப்படிதான் சத்துரு. குளியலறை வாசல் குறுகலாக, ஒரு படி இறக்கமாக இருக்கிற பழைய வீடுகளில் ஹொயிஸ்ட் உள்ளே போகவே போகாது. அதற்காக வாசலை இடிக்கத் தேவையில்லை, ஹொயிஸ்ட் ஆளை ஏற்றி ஊர்சுற்றுகிற வண்டி இல்லை. கட்டிலடியில் சில்லு வைத்த கமோட் கதிரையில் இறக்கி, அந்தக் கதிரையைத் தள்ளிப் போவதுதான் முறை, படிக்கு ஒரு சின்னச் சரிவு மட்டும் மேசனிடம் சொல்லிப் போட்டால் போதும். கட்டிலுக்கு அடியில் ஹொயிஸ்டின் கால் போக ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் வேண்டும். அடியில் இலாச்சி வைத்த பெட்டிக் கட்டில் என்றால் முதலில் கட்டிலை மாற்றுங்கள்.

பயமும் மானமும். "என்னைக் கொழுவித் தூக்கப்போறீங்களா" என்று முதல் நாள் ஏசாத முதியவர் இல்லை. மகளோ பிள்ளைகளில் ஒருத்தியோ முதலில் தான் ஏறித் தொங்கிக் காட்டினால் பயம் பாதி போகும். நைட்டியோ சாரமோ உடுத்தவருக்குக் காற்பட்டி போடும்போது உடுப்பு விலகும், மேலே ஒரு துவாயைப் போட்டுவிட்டுத்தான் கொழுவ வேண்டும். ஆளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபோன் எடுக்கிறவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தலாம், நான் குறை சொல்லமாட்டேன்.

## கூரைத் தண்டவாளம்

கூரையில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் ஹொயிஸ்ட். தள்ளுவது எளிது, இடம் பிடிக்காது, ஒருவரே செய்யக்கூடிய நேரங்களும் உண்டு. எல்லாவற்றிலும் சுகமானது இதுதான், மறுக்கவில்லை. ஆனால் கொங்கிறீட் தட்டு வேண்டும், ஓட்டுக் கூரையிலும் சீற் கூரையிலும் வேலைக்காகாது, அறைக்கு அறை தனித்தனிச் செலவு, பழுது பார்க்க ஆள் தூரத்திலிருந்து வரவேண்டும். புதுக் கட்டிடம் கட்டப்போகிறவர்கள் வரைபடக் காரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு | வேண்டிய ஆட்கள் | பிறகு வரும் செலவு | எங்கே சறுக்கும் |
|---|---|---|---|---|
| கையால் தூக்குவது | அவசரத்துக்கு மட்டும் | 60 கிலோவுக்கு 4 | நாரி, ஆள் விலகல் | எங்கேயும் |
| இடுப்பு பெல்ட் | பாரம் போடுகிறவர், சொல் கேட்கிறவர் | 1 அல்லது 2 | மிகக் குறைவு | தூக்கப் பயன்படுத்தினால் |
| வழுக்குத் துணி | கட்டிலில் கிடக்கிற எல்லோருக்கும் | 2 | ஆளுக்கொன்று, தோய்த்தல் | அடியில் விட்டுவிட்டால் |
| மாற்றுக் கதிரை | பிடிக்காமல் இருக்கக்கூடியவர் | 1 | சில்லு | நிலைப்படி, புண் |
| நிற்க உதவும் கருவி | பிடித்து எழும்பக்கூடியவர் | 1 அல்லது 2 | குறைவு | கை பிடிக்காவிட்டால் |
| கை பம்ப் ஹொயிஸ்ட் | பாரம் போட முடியாதவர் | 2 | ஸ்லிங், சீல், சில்லு | தூக்கவேண்டியவர் கூடினால் |
| மோட்டோர் ஹொயிஸ்ட் | அதே, எண்ணிக்கை கூட | 2 | ஸ்லிங், இரண்டாவது பற்றரி, சில்லு | கரண்ட், உதிரிப்பாகம் |
| கூரைத் தண்டவாளம் | அதே, புதுக் கட்டிடம் | 1 அல்லது 2 | பழுதுபார்ப்பு | கூரை |

## இன்னொரு ஆளைப் பற்றி

சம்பளம் ஒவ்வொரு மாதமும், ஹொயிஸ்ட் ஒரு தரம் என்று வெறும் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு தரவு: அமெரிக்காவில் ஆறு முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஹொயிஸ்ட்டும் பயிற்சியும் "கையால் தூக்கக்கூடாது" என்ற கொள்கையும் சேர்த்துக் கொண்டுவந்து பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. 1,728 ஊழியர்கள். நட்டஈடு கோரும் அளவுக்கான காயங்களின் வீதம் 61 சதவீதம் குறைந்தது, போட்ட 158,556 டொலர் மூன்று வருடத்துக்குள் நட்டஈட்டில் மிச்சமாகித் திரும்பி வந்தது. அங்கத்தைய நட்டஈட்டுத் தொகைகள் வேறு, எங்கள் சம்பளம் வேறு, அதனால் அந்தக் காசுக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. காயம் குறைந்த கணக்கை ஒட்டலாம், எலும்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கருவியும் பயிற்சியும் கொள்கையும் மூன்றும் சேர்ந்தே இருந்தன என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் இரவில் ஒருவர்தான் என்றால் ஹொயிஸ்ட் இருந்தும் கை போதாது. அப்போது இன்னொரு ஆளை எடுங்கள், தூக்க இல்லை, இரண்டாவது கையாக. எடுக்கும்போது பராமரிப்பாளர் என்விகியூ (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) முடித்தவரையோ, இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரையோ தேடுங்கள், பின்னவர்களில் பலருக்கு ஹொயிஸ்ட் கைப்பழக்கம், மற்றப் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுப்பார்கள்.

## வெளிநாட்டிலிருந்து வரும் ஹொயிஸ்ட்

இலவசம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், வேண்டாம் என்று தட்டிவிடவும் வேண்டாம். அனுப்புகிறவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியவை இவை.

கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரின் பட்டியில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பிரச்சினை இல்லை, 120 மட்டும் என்றால் இங்கே செருகிய அன்றே புகை வரும். லண்டனிலிருந்து வருவதற்கு வோல்ட்டும் பிளக்கும் பொருந்தும். பிரித்தானியச் சட்டப்படி ஆளைத் தூக்கும் கருவியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும், அதனால் அங்கிருந்து வருவதில் பரிசோதனைப் பட்டி ஒட்டியிருக்கும். கடைசித் திகதி எது, ஏன் அதற்குப் பிறகு இல்லை என்று கேளுங்கள். ஸ்லிங் வளையத்தில் கொழுவுகிறதா, கிளிப்பில் பூட்டுகிறதா என்றும் பாருங்கள், ஒன்றுக்குரியதை மற்றதில் மாட்ட முடியாது, கிளிப் வகைக்கு இங்கே ஸ்லிங் தேடி அலையவேண்டி வரும். கருவியோடு குறைந்தது நாலு ஸ்லிங், ஸ்மோலும் மீடியமுமாக, இரண்டாவது பற்றரி, கைநூல். இவை இல்லாமல் வருகிற ஹொயிஸ்ட் கொஞ்ச நாளில் துவாய் காயப்போடுகிற கம்பியாகிவிடும்.

கை பம்ப் வகை அனுப்பக் கிடைத்தால் மேலே சொன்ன வோல்ட் கதையே வேண்டாம், அதைக் கேட்டு வாங்குங்கள்.

## எதை முதலில் வாங்குவது

பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற இல்லம் என்றால்: இந்த மாதமே எல்லோருக்கும் வழுக்குத் துணியும் நாலைந்து பெல்ட்டும். அடுத்து, முழுமையாகப் படுக்கையில் இருப்பவர்களின் கட்டிலை உயரம் மாறுகிற கட்டிலாக ஒவ்வொன்றாக மாற்றுவது. அதற்குப் பிறகு ஒரு கை பம்ப் ஹொயிஸ்ட், அதைப் பாவிக்கப் போகிறவர்களின் அளவுக்கு ஆளுக்கு இரண்டு ஸ்லிங். காசு சேரும்வரை காலில் பாரம் போட முடியாத புதியவரை ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது கடுமையாகத் தெரியலாம், ஆனால் கையால் தூக்கிச் சமாளிப்போம் என்று ஏற்பது அவருக்கும் நல்லதில்லை.

வீட்டில் ஒருவரை மட்டும் பார்க்கிறவர்: இருக்கக்கூடியவர் என்றால் மாற்றுக் கதிரை, கிடந்தபடி என்றால் வழுக்குத் துணியும் உயரக் கட்டிலும், இரண்டாவது ஆள் காலையும் பின்னேரமும் நிச்சயமாக வருவார் என்றால் மட்டும் ஹொயிஸ்ட்.

விழுந்தவரை மட்டும் இந்தக் கணக்கு எதிலும் சேர்க்காதீர்கள். ஒரு கால் குறுகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அல்லது இடுப்பைத் தொட விடாமல் கத்தினால், நிலத்தில் கிடந்தபடியே தலையணையும் போர்வையும் கொடுத்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள். காயம் ஒன்றும் இல்லை, கைகால் அசைகிறது, சொல் கேட்கிறார் என்றால் முன்னால் ஒரு கதிரை, பின்னால் ஒரு கதிரை வைத்து, முழங்காலில் வரப்பண்ணி, அவரே முன்கதிரையைப் பிடித்து எழும்பி, பின்கதிரையில் இருக்கட்டும். அவசரப்படுத்தாமல் கால்மணித்தியாலம் கொடுத்தால் பலர் எழும்பிவிடுவார்கள். எழும்ப முடியாதவருக்கு ஹொயிஸ்ட், ஆனால் அதன் கொக்கி நிலத்தில் கிடக்கிறவர் வரைக்கும் தாழுமா என்பதை வாங்குகிற அன்று கடையிலேயே இறக்கிப் பார்த்திருக்க வேண்டும், எல்லா ஹொயிஸ்டும் அவ்வளவுக்குத் தாழாது.